ஒரு மணிக்கு முடிகிற படிப்பு

இரண்டு படிப்புக்கும் இடம் கிடைத்துவிட்டது. அதுதான் வம்பாகப் போயிற்று. ஒன்று கிடைத்து ஒன்று கைநழுவியிருந்தால் அந்த வீட்டில் யாரும் யாரையும் எதுவும் கேட்டிருக்க வேண்டியதில்லை. நம் தலையெழுத்து என்று சொல்லிவிட்டுக் கஞ்சியைக் குடித்திருப்பார்கள். ஒரே கல்லூரி, ஒரே உறை, உள்ளே இரண்டு கடிதம். ஒன்று பி.எஸ்சி. வேதியியல், இன்னொன்று பி.ஏ. வரலாறு. பதினைந்தாம் தேதிக்குள் ஏதாவது ஒன்றில் சேர்ந்துவிட வேண்டும் என்று இரண்டிலும் அடிக்கோடு போட்டிருந்தார்கள்.

எங்கள் வரிசையில் எட்டு வீடு. எட்டுக்கும் தலைக்கு மேல் ஒரே தகரம். வெயில் உச்சிக்கு ஏறினால் எட்டும் ஒரே அடுப்புதான். நடுவீடு டயர்க்காரருடையது. தேய்ந்த டயருக்குப் புது முதுகு ஒட்டும் பட்டறையில் அவருக்குப் பகல் வேலை. பழைய டயரை இயந்திரத்தில் சுற்றவிட்டுச் சுரண்டி, பசை தடவி, புது ரப்பர் பட்டையை இழுத்துச் சுற்றி, பெரிய கொப்பரைக்குள் தள்ளி நாலு மணி நேரம் வேக வைப்பார்கள். சுரண்டுகிற இடத்தில்தான் அவர் நிற்பது. சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து அவர் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் மை கொட்டினாற்போல் இருக்கும். சோப்பு எத்தனை போட்டாலும் காது மடலுக்குப் பின்னால் கறுப்பு போகாது.

அவர் மனைவியைத் தெருவில் பட்டன்காரம்மா என்போம். சட்டைக் கம்பெனியில் கடைசி மேசையில் வேலை பார்த்தவள். பதினோரு மாதத்துக்கு முன்னால் சட்டைக் கட்டைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கும்போது விழுந்தாள். இடுப்பெலும்பும் தொடையெலும்பும் போயின. இரண்டு தடவை அறுத்துத் தைத்தார்கள். அப்புறம் டாக்டர், இனிமேல் இப்படித்தான் என்று கையைக் கழுவிவிட்டார். அன்றையிலிருந்து ஜன்னலோரக் கட்டிலே அவளுக்கு உலகம். கம்பெனிக்காரர்கள் சட்டைகளை வீட்டுக்கே அனுப்ப, ஒருக்களித்துப் படுத்து, நெஞ்சுக்கு முன்னால் ஒரு பலகையைச் சாய்த்து, பட்டன் தைத்துப் பல்லால் நூலைக் கடிப்பாள். உடம்பு முடங்கினாலும் வாய் முடங்கவில்லை. ஜன்னலைத் தாண்டிப் போகிற யாரும் அவளிடம் ஒரு குத்தல் வாங்காமல் போனதில்லை.

உணர்வெல்லாம் இருந்தது அவளுக்கு. எழுந்து உட்கார மட்டும் முடியாது. ஆகவே ஒன்றுக்கு, இரண்டுக்கு எல்லாம் கட்டிலில்தான். ஆஸ்பத்திரியில் கொடுத்த பெட்பேனுக்கு அந்த வீட்டில் பெயரே கிடையாது, 'அது' என்பார்கள். விரிப்போடு சேர்த்து அம்மாவைப் புரட்டி, அதை வைத்து, எடுத்து, துடைத்துக் கழுவி வைப்பது மகள் வேலை. காலையில், பத்து மணிக்கு, ஒரு மணிக்கு, நாலு மணிக்கு, ராத்திரி படுக்கும் முன். பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது பள்ளிக்கூடம் அடுத்த தெரு. மணியடிக்கும்போதெல்லாம் ஓடிவந்துவிட்டு ஓடுவாள். தலைமையாசிரியை கண்டும் காணாமல் விட்டார்.

டயர்க்காரரைக் குறை சொல்லிவிட முடியாது. சமைப்பார், துணி துவைப்பார், மனைவிக்குத் தலை வாரிச் சடை போடுவார், நகம் வெட்டிவிடுவார். அந்த ஒன்று மட்டும் அவரால் முடியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் வாரத்தில் ஒருநாள் முயற்சி பண்ணினார். வாசலுக்கு ஓடிவந்து குடல் வெளியே வந்துவிடும்போல் வாந்தி எடுத்தார். உள்ளே பட்டன்காரம்மா அழுதது எங்கள் வீடுவரை கேட்டது. கால் போனதற்குக்கூட அவள் அப்படி அழவில்லை. அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் போகவில்லை, அவளும் கேட்கவில்லை.

கடிதம் வந்த அன்று மகள்தான் பேச்சை எடுத்தாள். அவித்த முட்டையைப் பாதியாக அறுத்து அம்மா தட்டில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"பி.ஏ.ன்னா காலையில எட்டரைக்கு ஆரம்பிச்சு ஒரு மணிக்கு விட்டுடுவாங்க. ரெண்டு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துடலாம். பி.எஸ்சி.ன்னா மத்தியானம் லேப் இருக்கு. நாலரை ஆகும். பஸ்ஸு புடிச்சு வர அஞ்சரை."

"அதுக்கு?" என்றார் டயர்க்காரர்.

"சும்மா சொன்னேம்பா."

"சும்மா எதுக்குச் சொல்ற? கெமிஸ்ட்ரில தொண்ணூத்தெட்டு வாங்கிட்டு, செத்துப்போன ராஜாக்களைப் பத்தியா படிக்கப்போற?"

"ராஜாவும் ஒரு காலத்துல உயிரோட இருந்தவருதான்," என்றாள் பட்டன்காரம்மா. "உங்க டயரை விடவா செத்துப் போயிட்டாரு?"

மூவரும் சிரித்தார்கள். டயர்க்காரருக்குப் பெண்ணின் வேதியியல் மேல் ஒரு கர்வம். பச்சை ரப்பர் கையில் ஒட்டுகிறது, வெந்த ரப்பர் ஏன் ஒட்டுவதில்லை என்று ஒருநாள் அவர் போகிற போக்கில் கேட்டிருந்தார். அவள் ஒரு காகிதத்தில் கோடு கோடாகப் போட்டு, நடுவே கந்தகம் எப்படிக் கொக்கி போட்டு இழுத்துப் பிடிக்கிறது என்று விளக்கினாள். அந்தக் காகிதத்தை மடித்து எடுத்துப்போய்ப் பட்டறையில் ஒருத்தர் விடாமல் காட்டினார். இருபது வருஷமாக வேக வைக்கிறோம், உள்ளே நடப்பதை என் பெண் சொல்லித்தான் தெரிந்தது என்பார்.

"நான் ஃபோர்மேன்கிட்ட நைட் ஷிஃப்ட் கேக்கறேன்," என்றார் அன்று. "ராத்திரிக்கு நீ இருக்க. பகல்ல நான் இருக்கேன். தூங்கிட்டு இருந்தாலும் உங்கம்மா ஒரு குரல் குடுத்தா எந்திரிக்க மாட்டேனா? நீ பி.எஸ்சி.யே சேரு."

மகள் அவரைப் பார்த்தாள். அம்மாவும் பார்த்தாள். எந்திரித்து என்ன செய்வீர்கள் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் அப்படி.

மறுநாள் சாயங்காலம் வந்தார். வாசலில் கையைக் கழுவினார். தரையில் உட்கார்ந்து டீயைக் குடித்து முடித்த பிறகு, "முடியாதுன்னுட்டான்," என்றார்.

"யாரு?"

"ஃபோர்மேன்தான். நைட்டுக்கு ஆள் நிறைய இருக்காம்."

மகள் சரிப்பா என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவப் போனாள். தண்ணீர் விழுகிற சத்தம் கொஞ்சம் அதிகமாகவே கேட்டது. பட்டன்காரம்மா கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்த சட்டையில் அடுத்த பட்டனைக் கோத்தபடி சொன்னாள்.

"இதுக்கு எதுக்கு நைட் ஷிஃப்ட்டு, பகல் ஷிஃப்ட்டு? பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா ஒருவாட்டி பாத்துடுவா. அதுக்கப்புறம் அஞ்சரை வரைக்கும் எனக்கு ஒண்ணும் வேணாம். ஊர்ல ஆபீஸ் போறவங்கல்லாம் அடக்கிக்கலையா?"

"அம்மா, ஏழரை மணி நேரம்மா."

"பழகினா வரும். உன் லேப்புல மட்டும்தான் சோதனை பண்ணிப் பாப்பீங்களா? நாமளும் பண்ணிப் பாப்போம். நாளையிலேர்ந்து நீ பத்து மணிக்கு வெளிய போ. அஞ்சரைக்கு வா. நடுவுல இந்தப் பக்கம் தலை காட்டினா இந்த ஊசியாலேயே குத்துவேன்."

பக்கத்து வீட்டு அக்கா ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவள். பன்னிரண்டு மணிக்கு அவளுக்கு வேலை. பத்து மணிக்குப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று ஒத்துக்கொண்டாள்.

சோதனை ஆரம்பித்தது. மகள் போவதற்கு இடமில்லாமல் முதல் நாள் பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் நாள் கல்லூரிக்கே போய், வேதியியல் கட்டடத்தின் வெளியே நின்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். நீளமான கல் மேசைகள், வரிசையாக மஞ்சள் புட்டிகள், மேசைக்கு ஒரு குழாய். யாரும் இல்லாத அந்த அறையைச் சாயங்காலம்வரை பார்த்துக்கொண்டிருந்தாளாம். பிற்பாடு என்னிடம் சொன்னாள். அஞ்சரைக்கு மூச்சிரைக்க ஓடிவந்தால், அம்மா கட்டிலில் ராணி மாதிரி படுத்திருப்பாள். விரிப்பில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. "என்ன டாக்டரம்மா, பாஸா ஃபெயிலா?" என்பாள். தலைமாட்டில் காலையில் நிரப்பி வைத்த ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஜாடி காலியாக இருக்கும். தண்ணீரும் குடித்திருக்கிறாள், அடக்கிக்கொண்டும் இருக்கிறாள் என்று மகள் நம்பினாள். நம்ப ஆசைப்பட்டாள் என்பதுதான் சரி.

அந்த வாரம் மழைக்கு மூட்டம் போட்டுப் போட்டு ஏமாற்றிய வாரம். காற்று அசையவில்லை. மத்தியானம் தகரம் சூடேறிப் படபடவென்று தெறிக்கும். நாங்களெல்லாம் ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலில் கிடந்தோம். அந்த வெயிலிலும் டயர்க்காரர் வீட்டு ஜன்னலுக்குக் கீழே தரை மட்டும் தினம் ஈரமாக இருந்தது. நானும் பார்த்தேன். மறைக்க என்ன இருக்கிறது, எட்டு வீடும் பார்த்தது. கையலம்பிக் கொட்டியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டோம். பக்கத்து வீட்டு அக்காவுக்கு மட்டும் தெரியும். ஜாடி ஜன்னல் கம்பிக்கு வெளியே கவிழ்வதை இரண்டாம் நாளே பார்த்துவிட்டாள்.

"என்னடி பண்ற? தொண்டை வறண்டு செத்துடுவ."

"வாயை நனைச்சுக்கறேன் அக்கா. உள்ள போனாத்தானே வெளிய வரும்? பதினஞ்சாந்தேதி வரைக்கும்தான். அவ சேந்துட்டா அப்புறம் மெதுவாச் சொல்லிக்கலாம். எம்மேல ஆணை, யார்கிட்டயும் வாயத் தொறக்காத."

அக்கா திறக்கவில்லை. இன்றைக்கும் அதைச் சொல்லித் தலையில் அடித்துக்கொள்கிறாள்.

ஏழாம் நாள் சாயங்காலம் மகள் வந்தபோது அம்மா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். தைத்த சட்டைகளைக் கட்டுவதற்காக எடுத்த மகள் ஒன்றைப் பார்த்தாள், அடுத்ததைப் பார்த்தாள். பன்னிரண்டு சட்டையிலும் பட்டன் ஓட்டைப் பக்கத்தில் தைத்திருந்தது. ஒவ்வொரு ஓட்டையின் மேலும் ஒரு பட்டன், நூல் நன்றாக முடிச்சுப் போட்டு, அழுத்தமாக. இருபது வருஷக் கை அது, தூக்கத்தில்கூடத் தப்பாது. மகள் அம்மாவின் நெற்றியைத் தொட்டாள். அனலாக இருந்தது. பல் கிட்டித்து உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. "அஞ்சரை ஆகலையே, ஏன் வந்த?" என்றாள் அம்மா. உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் சின்ன வயசு. பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்துவிட்டு மகளைத்தான் திட்டினார்.

"தண்ணியே குடுக்காம வெச்சிருந்தீங்களா? ரெண்டு கிட்னிலயும் சீழ் பிடிச்சிருக்கு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா பொணமா எடுத்துட்டுப் போக வேண்டியதுதான்."

மகள் தினம் ஜாடி காலியாக இருந்ததைச் சொன்னாள். பக்கத்து வீட்டு அக்கா அப்போதுதான் அழுதுகொண்டே வாயைத் திறந்தாள். டயர்க்காரர் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

நாலாம் நாள் ஃபோர்மேன் ஒரு பிஸ்கட் பொட்டலத்தோடு பார்க்க வந்தார். டயர்க்காரர் மருந்து வாங்கப் போயிருந்தார். ஃபோர்மேன் கட்டிலைப் பார்த்தார், மகளை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"பகல் பூரா ஒத்தையாவா விட்டீங்க? என்னம்மா இது? உங்கப்பன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மறுநாளே நைட்டுக்கு மாத்தி விட்டிருப்பேன். நைட்டுக்கு ஆள் கிடைக்காம நான் நாயா அலையறேன்."

"அப்பா உங்ககிட்ட..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல சார். எங்களுக்குத் தோணல."

அவர் போன பிறகு மகள் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சொட்டுச் சொட்டாக மருந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்பா கேக்கவே இல்லையாம்மா."

"தெரியும்."

"தெரியுமா?"

"ஃபோர்மேன் ஒண்ணை இல்லேன்னு சொன்னா, உங்கப்பா வீட்டுக்கு வந்து அவன் ஏழு தலைமுறையை இழுப்பாரு. அன்னைக்குக் கையக் கழுவிட்டுச் சத்தமில்லாம உக்காந்தாரே. அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏம்மா நீ கேக்கல? ஏன் கேக்காம தண்ணியக் கொட்டின?"

"கேட்டு? கேட்டா மாத்திக்கிட்டு வருவாரு. வந்து?" பட்டன்காரம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "பொண்ணு பாக்கறா, டாக்டர் பாக்கறாரு, எனக்குக் கூச்சமில்ல. கட்டின புருஷன் என்னைத் தொட்டுட்டு ஓடிப்போய்க் குமட்டறதை நான் தினம் ரெண்டு வேளை பாக்கணுமா? அதைவிடத் தாகம் எவ்வளவோ தேவலாம்டி."

மகள் அழவில்லை. கோபம் வந்தது அவளுக்கு. அப்பா மேல் வந்தது, அம்மா மேலும் வந்தது, அந்த மஞ்சள் புட்டிகள் மேல்கூட வந்தது. கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அம்மாவின் காலைப் பிடித்துவிட்டாள்.

பதினாலாம் தேதி வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்தார். மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு வேளைகூட விடக்கூடாது, அடக்கவே கூடாது. ஒன்றும் வேண்டாம் என்று இருந்துகாட்டப் பார்த்தவளுக்கு இப்போது ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆள் வேண்டும்.

பதினைந்தாம் தேதி காலையில் டயர்க்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார்.

"இன்னைக்கே ஃபோர்மேனைப் பாத்துடறேன் பாப்பா. நைட்டு வாங்கிடலாம். நீ கெமிஸ்ட்ரியே சேரு."

மகள் அவரை நேராகப் பார்த்தாள். ஃபோர்மேனிடம் அவர் கேட்காத கதை தெரியும் என்று அவள் சொல்லவில்லை. தெரியும் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

"அம்மாவுக்கு இப்ப வேணுமாம்பா. நான் வெளிய நிக்கறேன்."

வாசலுக்கு வந்து எங்கள் பக்கம் முதுகைக் காட்டி நின்றாள். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. "விரிப்பைச் சேத்துப் புடிங்க," என்று அம்மா சொல்வது கேட்டது. "மெதுவா. ஆங். அவ்வளவுதான்." பக்கத்து வீட்டு அக்கா தாலிக்கொடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தோம். முடிந்துவிடும் போலத்தான் இருந்தது. அப்போது அந்தச் சத்தம் வந்தது. வாயை இறுக்க மூடிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து வருவதைத் திரும்ப உள்ளே தள்ளப் பார்க்கிற சத்தம். மறுபடி. மறுபடி.

"விடுங்க," என்றாள் பட்டன்காரம்மா. "விட்டுடுங்க. பரவால்ல. முகத்தைத் திருப்பிக்கங்க. பாப்பா! பாப்பா, வாடி!"

மகள் உள்ளே போனாள். டயர்க்காரர் வெளியே வந்து சாக்கடை ஓரமாகக் குந்தி உட்கார்ந்தார். அவர் அழுததை அன்றைக்கு நாங்கள் பார்த்தோம். வேண்டுமென்று செய்கிறவரில்லை அவர். உடம்பு கேட்கவில்லை, அவ்வளவுதான். அதற்காக மன்னித்துவிடவும் என்னால் முடியவில்லை.

பதினொன்றரை வரை பார்த்துக்கொள்கிறேன் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்ல, அப்பாவும் மகளும் இரண்டு பஸ் மாறிக் கல்லூரிக்குப் போனார்கள். வழியெல்லாம் அவர், "எப்படியாச்சும் பழகிடுவேன் பாப்பா, நீ சேரு," என்று சொல்லிக்கொண்டே வந்தாராம். இவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாளாம்.

அலுவலகத்தில் கூட்டம். இவர்கள் முறை வரும்போது பதினொன்று தாண்டிவிட்டது. கிளார்க் வயசானவர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி மதிப்பெண் காகிதத்தைப் பார்த்தார், மகள் நீட்டிய பி.ஏ. படிவத்தைப் பார்த்தார்.

"தப்பான ஃபாரத்தைக் குடுத்துட்டியேம்மா. இது ஹிஸ்டரி."

"தப்பில்ல சார். அதுதான்."

"கெமிஸ்ட்ரில தொண்ணூத்தெட்டு வெச்சிருக்க. இந்த சீட்டுக்கு வெளிய நூறு பேர் நிக்கறாங்க. யாராச்சும் கட்டாயப்படுத்தறாங்களா?" அவர் டயர்க்காரரை முறைத்தார். "என்னய்யா, பொம்பளப்புள்ளைக்கு எதுக்கு சயின்ஸுன்னு நீர் சொன்னீரா?"

டயர்க்காரர் வாயைத் திறந்தார்.

"அப்பா ஒண்ணும் சொல்லல சார்," என்றாள் மகள். "அவரு கெமிஸ்ட்ரிதான் எடுக்கச் சொல்றாரு. எனக்குத்தான் லேப் ஒத்துக்காது."

"ஒத்துக்காதுன்னா?"

"அந்த வாசனை சார். மூக்குல ஏறினா குமட்டிக்கிட்டு வரும். வெளிய ஓடிடுவேன்."

"ஸ்கூல்ல லேப்புக்குப் போகாமலா இவ்வளவு மார்க்கு வாங்கின?"

"ஸ்கூல்ல எப்படியோ அடக்கிக்கிட்டேன் சார். மூணு வருஷம் தினமும்னா முடியாது. வேணும்னு செய்யறதில்ல, உடம்பு கேக்க மாட்டேங்குது."

கிளார்க் சிரித்துவிட்டார். பின்னால் நின்ற இரண்டு பையன்களும் சிரித்தார்கள். "சரிதான், குமட்டறவளை எவன் என்ன பண்ண முடியும்," என்று சொல்லிப் படிவத்தில் முத்திரை குத்தினார். "இந்தாய்யா, தகப்பன் கையெழுத்து, கீழ."

டயர்க்காரர் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகளைப் பார்க்கவில்லை. கோடு போட்ட இடத்தையும் பார்க்கவில்லை. "சார், வந்து, எம்பொண்ணு..." என்றார்.

மகள் அவர் கையைப் பிடித்துக் கோட்டின்மேல் கொண்டுபோய் வைத்தாள்.

"போடுங்கப்பா. பதினொண்ணே கால் ஆச்சு. அக்கா கிளம்பிடுவாங்க."

அவர் போட்டார்.